வீட்டில் இருப்பதை வைத்து ஓட்டுவதா, வருடச் சாமான் வாங்கிப் போடுவதா?

மூன்று வருடத்துக்கு முன்பு, போகிக்கு முதல்நாள் அடுக்களை அலமாரியைக் காலி செய்து துடைத்தேன். ரவை மட்டும் நான்கு பொட்டலம் வந்தது. நான்கும் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டவை. அப்புறம் சேமியா இரண்டு, அரைக் கிலோ ஜவ்வரிசி, உடம்புக்கு நல்லது என்று வாங்கிய வரகும் சாமையும், ஒரு கிலோவுக்கு மேல் காய்ந்த மொச்சை, கொள்ளு, தட்டைப்பயறு, போன கோடையில் போட்ட மாவற்றல். எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தால், நாலு பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு மூன்று வாரம் சமைக்கலாம் போலிருந்தது. அதே வாரம் மாத மளிகைக்கு வழக்கம்போலச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். அந்தச் சீட்டிலும் ரவை இருந்தது.

அதற்குப் பிறகு மளிகைச் செலவைக் குறைக்க ஒவ்வொரு வருடமும் ஒரு வழியைச் செய்து பார்த்தேன். முதல் வருடம், ஒரு மாதம் கடைப்பக்கமே போகாமல் இருப்பதைக் கொண்டு ஓட்டினோம். இரண்டாம் வருடம், எங்கள் அத்தை செய்வதுபோலக் கோடையில் வருடச் சாமான் வாங்கிப் போட்டோம். மூன்றாம் வருடம் மளிகையை மட்டும் நிறுத்தி, பால், காய், கீரை, பழம், முட்டைக்குக் கடைக்குப் போனோம். மதுரையில் மாடியில் வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், சின்ன அடுக்களை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழிதான் சரி என்பது என் முடிவு. வருடச் சாமானில் நான்கே நான்கு பொருளை மட்டும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு வேறு முடிவு பொருந்தலாம்.

கடைப்பக்கமே போகாத மாதம்

முதல் பத்து நாள் நன்றாகவே போயிற்று. இருப்பதைப் பார்த்துச் சமைக்கும்போது, நாம் எத்தனை விதமான பொருளை வாங்கி மறந்திருக்கிறோம் என்பது தெரிகிறது. பன்னிரண்டாம் நாள் வெங்காயம் தீர்ந்தது. அதோடு சமையலின் குணமே மாறிவிட்டது. வெங்காயம், தக்காளி இல்லாவிட்டால் மிச்சம் புளியும் பருப்பும் வற்றலும்தான். ஒருநாள் வற்றல் குழம்பு, மறுநாள் பருப்புத் துவையல், அடுத்த நாள் புளிசாதம். தொட்டுக்கொள்ள அப்பளம் அல்லது ஊறுகாய்.

இதில் இரண்டு விஷயம் என்னை உறுத்தியது. ஒன்று உப்பு. வற்றல், மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய் நான்குமே உப்பால் கெடாமல் இருப்பவை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் சுண்டைவற்றல், ஓரத்தில் அப்பளம், சாதத்தின் மேல் ஊறுகாய் என்று ஒரே வேளையில் வைத்தால் அது எங்கே நிற்கும்? வீட்டில் ரத்தக்கொதிப்பு உள்ள பெரியவர்கள் இருந்தால் இந்த வழியே வேண்டாம் என்பேன். இன்னொன்று வைட்டமின் சி. அரிசியிலும் காய்ந்த பருப்பிலும் அது கிட்டத்தட்ட இல்லை. பச்சைப்பயறை ஊறவைத்து முளைகட்டினால் அதில் கொஞ்சம் உண்டாகும். கொல்லையில் முருங்கை இருந்தால் கவலையே இல்லை. எங்களுக்குக் கொல்லையும் இல்லை, முருங்கையும் இல்லை, முளைப்பயறு மட்டும்தான்.

பணம் மிஞ்சியதா என்றால், அந்த மாதம் மிஞ்சியது. அடுத்த மாதம் எண்ணெய், பருப்பு, மிளகாய்த்தூள், சோப்பு என்று எல்லாமே ஒரே நேரத்தில் தீர்ந்து நின்றதால் சீட்டு இரண்டு மடங்கு நீளமானது. மிஞ்சிய பணத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. உண்மையான லாபம், கெட்டுப்போகக் காத்திருந்த ரவையும் வரகும் வயிற்றுக்குப் போனதுதான்.

இருந்தாலும் இந்த வழிக்கு ஒரு இடம் உண்டு. வீடு மாற்றப் போகிறவர்கள், கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குக் கிளம்புகிறவர்கள், தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்கள், திடீரென்று மருத்துவச் செலவோ பள்ளிக் கட்டணமோ வந்து அந்த மாதம் கை கடிக்கும் வீடுகள் தாராளமாகச் செய்யலாம். வெங்காயத்தை மட்டும் முன்கூட்டியே நிறைய வாங்கி, காற்றாட வைத்துக்கொள்ளுங்கள்.

வருடச் சாமான்

பரமக்குடிப் பக்கம் அத்தை வீட்டில் மாசி, பங்குனி வந்தால் புளி, மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும். காரணம் எளிது: அப்போதுதான் அறுப்பு. புளி மரத்திலிருந்து உலுக்குவது மாசி, பங்குனியில். ராமநாதபுரத்து முண்டு மிளகாய் காய்ந்து சந்தைக்கு வருவதும் அந்தச் சமயத்தில்தான். அந்த மிளகாய்க்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சரக்கு குவியும்போது விலை இறங்கும். அடுத்து வரும் சித்திரை வெயில் எதையும் சருகாகக் காயவைத்துவிடும். வாங்க ஒரு காலம், காயவைக்க ஒரு காலம் என்று இரண்டும் அடுத்தடுத்து அமைந்திருக்கிறது.

இதைப் பார்த்துத்தான் இரண்டாம் வருடம் நானும் துணிந்தேன். புளி 6 கிலோ, மிளகாய் 5, மல்லி 6, இவற்றோடு துவரம்பருப்பு 24, உளுந்து 12, பச்சைப்பயறு 6, நிலக்கடலை 5. மாதத்துக்கு இரண்டு கிலோ துவரம்பருப்பு செலவாகும் வீடு, ஆகவே 24 என்று கணக்கு.

ஐப்பசி மழையில் அந்தக் கணக்கு உதைத்தது. துவரம்பருப்பு முழுவதையும் வாய் அகன்ற ஒரே டிரம்மில் கொட்டிவைத்து, தினமும் அதைத் திறந்துதான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஈரக்காற்று உள்ளே போய், அடியில் கட்டி தட்டி, பூச்சியும் பிடித்து, இரண்டு கிலோ வீணாயிற்று. 24 இல் 2 போனால் நூற்றுக்கு எட்டு. அதாவது, அறுப்புக் காலத்தில் வாங்கியதால் கிடைத்த விலைக் குறைவு எட்டு சதவீதத்துக்குள் இருந்தால் எனக்கு லாபமே இல்லை. வெயிலில் காயவைத்த உழைப்பும், மொத்தமாக முடங்கிய பணமும் தனி. வருடச் சாமான் வாங்க நினைக்கிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை சதவீதம் மலிவு, அதில் எத்தனை சதவீதம் பூச்சிக்குப் போகும்?

பச்சைப்பயறு அதைவிட மோசம். பயறு வண்டு முழுப்பயறின் தோலில் முட்டையை ஒட்டிவிடுகிறது. உற்றுப் பார்த்தால் பயறின் மேல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகும்போது வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாக ஏறாது. வேறு பூச்சிகள் வரும். ஊரில் துவரையைச் செம்மண் பூசிக் காயவைத்து எடுத்து வைப்பதும், பயறை லேசாக எண்ணெய் தடவி வைப்பதும் இதற்காகத்தான்.

நிலக்கடலை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: மாடி வாடகை வீட்டில் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை வறுத்துத் தின்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ஐந்து கிலோவில் மிஞ்சியதை நான் அப்படியே குப்பையில் கொட்டினேன். மனசு வலித்தது, ஆனாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது.

மாவு வகைகளும் அப்படித்தான். கம்பை முழுசாக வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். திரித்துவிட்டால் சில நாளிலேயே சிக்கு வாடை வரும், ஏனென்றால் அதில் உள்ள கொழுப்பு காற்றுப்பட்டுக் கெடுகிறது. கைக்குத்தல் அரிசி வெள்ளை அரிசியைவிடச் சீக்கிரம் கெடுவதும் இதனால்தான். எண்ணெயில் நல்லெண்ணெய் தன்னிலேயே உள்ள சில பொருள்களால் கொஞ்சம் அதிக நாள் தாங்கும். கடலை எண்ணெயை இரண்டு மாதத்துக்கு மேல் நான் வாங்குவதில்லை.

அப்படியானால் வருடத்துக்கு வாங்கத் தகுந்தவை எவை? என் அனுபவத்தில் புளி, மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகிய நான்கும்தான். புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, இரண்டு நாள் வெயில் காட்டி, கல் உப்பு தூவித் தூவி மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அமுக்கிவிட்டால் அடுத்த புளி வரும்வரை இருக்கும். பித்தளை, அலுமினியம் கூடாது. மிளகாயைக் காம்போடு, குலுக்கினால் விதை கலகலக்கும் வரை காயவைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் திரிக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மில்லுக்குக் கொண்டுபோனால் நிறமும் மணமும் நிற்கும்.

சொந்த வீடு, வெயில் விழும் மொட்டைமாடி, காற்றோட்டமான பொருள் அறை, வீட்டில் பகலில் இருந்து புடைத்துக் காயவைக்க ஆள், இவை எல்லாம் இருந்தால் பருப்பையும் தாராளமாக வருடத்துக்கு வாங்குங்கள். அத்தை வீட்டில் நாற்பது வருடமாக அது நடக்கிறது. அவர்கள் ஒரே டிரம்மில் கொட்டுவதில்லை; சின்னச் சின்னத் தகர டின்களில் அடைத்து, ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறப்பார்கள். என் தவறு அங்கேதான் இருந்தது.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய அரிசி புதிதைவிட உதிரியாக வேகும், தண்ணீரும் அதிகம் இழுக்கும், ஆகவே சேமித்தால் தரம் கூடுகிற மளிகை அது. ஆனால் 26 கிலோ மூட்டையே ஒரு மாதத்துக்கு மேல் வரும்போது சின்ன வீட்டில் பத்து மூட்டையை எங்கே அடுக்குவது? (2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை உள்ள பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது; அதற்குப் பிறகுதான் இந்த 26 கிலோ மூட்டைகள் பரவலாயின.) அரிசி அட்டை உள்ளவர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இட்லி மாவுக்கு ரேஷன் புழுங்கலரிசியே போதும். மாதாமாதம் இது வரும் வீட்டில் அரிசியைச் சேர்த்து வைப்பதில் அர்த்தமில்லை.

காய்க்கு மட்டும் கடை

மூன்றாம் வருடம் விதி இதுதான்: தை முதல் தேதியிலிருந்து ஆறு வாரம் மளிகைச் சீட்டு கிடையாது. எண்ணெய், உப்பு, சர்க்கரை தீர்ந்தால் அந்த ஒன்றை மட்டும் தெருமுனைக் கடையில் வாங்கலாம். பால் வழக்கம்போல. காய், கீரை, பழம் வாரத்துக்கு ஒருநாள் உழவர் சந்தையில். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது எங்கள் மதுரை அண்ணா நகரில்தான். விவசாயிகளே கொண்டுவந்து விற்கிறார்கள், விலை பலகையில் எழுதியிருக்கும். ஏழு மணிக்குள் போனால்தான் நல்ல கீரை.

போன் செயலியில் பத்து நிமிடத்தில் சாமான் வரவழைப்பதை அந்த ஆறு வாரமும் நிறுத்தினோம். அந்த நான்கு ரவைப் பொட்டலங்களில் மூன்று அப்படி வந்தவைதான். ஒரு கொத்தமல்லிக்காகத் திறந்து, குறைந்தபட்சத் தொகை வரவேண்டுமே என்று ரவையைச் சேர்த்துப் போடுவது. மாத மளிகையைவிட இந்தத் துண்டுத்துண்டுச் செலவு அதிகம் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் பார்த்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

சமையலில் பெரிய உதவி அடைதான். கையளவு மிஞ்சிய கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு எதுவானாலும் சேர்த்து ஒரு டம்ளர் வந்தால், புழுங்கலரிசி ஒன்றரை டம்ளர் போட்டு மிளகாயோடு ஊறவைத்து அரைத்தால் முடிந்தது. முருங்கைக்கீரையை உருவிப் போட்டால் அதுவே முழுச் சாப்பாடு. வரகையும் சாமையையும் தனியாகக் கொடுத்தால் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். பச்சரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து வெண்பொங்கலாக வைத்தேன், கேள்வி இல்லாமல் தட்டு காலி. ரவை தோசையில் ரவையும் தீர்ந்தது, அடியில் கிடந்த அரிசி மாவும் தீர்ந்தது. கொள்ளு ரசத்துக்கும் துவையலுக்கும் போயிற்று.

பழைய மொச்சை மட்டும் அடம் பிடித்தது. வெக்கையிலும் ஈரத்திலும் நாள்பட்ட பயறு எவ்வளவு ஊறினாலும் சீக்கிரம் வேகாது; கேஸ்தான் செலவாகும். இரவே உப்புத் தண்ணீரில் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் வைத்தபோது வெந்தது. கத்தரிக்காய் போட்டு மொச்சைக் குழம்பு, கூட நெத்திலிக் கருவாட்டு வறுவல். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைச் சின்னவன் இன்றைக்கும் கேட்பான்.

எதைத் தின்னலாம், எதைக் கொட்டவேண்டும் என்பதில் தயங்க வேண்டாம். ரவையிலோ அரிசியிலோ நாலைந்து வண்டு இருந்தால் சலித்து வெயிலில் காட்டலாம். நூலாம்படை மாதிரிப் பின்னியிருந்தால், பூஞ்சை வாடை வந்தால், எண்ணெய்ப் பலகாரமோ கடலையோ சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். புதிதாக வாங்கும் ரவை, மைதா, கோதுமை மாவைப் பிரிக்காமல் நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத முட்டையும் செத்துப்போகும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோக்கும்.

ஆறு வாரம் முடிந்தபோது அலமாரியின் இரண்டு தட்டு காலி. அடுத்த மாதச் சீட்டு முன்பைவிட நீளவும் இல்லை, ஏனென்றால் எண்ணெயும் பருப்பும் தீரத் தீர ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. முதல் வருடத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அது. யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததாக உணரவில்லை. ஆகவே இதை ஒவ்வொரு வருடமும் செய்ய முடியும் என்று தோன்றியது, செய்தும் வருகிறோம்.

ஏன் தையில்?

இந்த வழி பலித்ததற்குப் பாதிக் காரணம் மாதம். தை, மாசியில் காய் மலிவு. பச்சை மொச்சை, அவரை, தக்காளி, கத்தரி எல்லாம் சந்தையில் குவியும். வீட்டுச் சரக்கு பழசாகி இருக்கும், புதுச் சரக்கு வர இன்னும் சில வாரம் இருக்கும். அத்தை போனில் சொன்னதும் அதுதான்: "ஏம்மா, புது மொளகா வர்றதுக்கு முன்னாடி பழசைத் தீத்துரு. ரெண்டையும் கலந்து வச்சேன்னா பழசுல இருக்கிற பூச்சி புதுசுக்குத் தாவிரும்."

இதையே ஐப்பசியில் செய்திருந்தால் தோற்றிருப்போம். அப்போது மழையில் காய் வரத்துக் குறைந்து விலை ஏறும். 2019 கடைசியில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். (விலையேற்றம் மழைக்காலத்தோடு நிற்பதும் இல்லை, 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது.) ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் சரக்கு நிறைந்திருக்க வேண்டும். சித்திரையில் போட்ட கொத்தவரை வற்றலும் மணத்தக்காளி வற்றலும் அப்போது வாரம் ஒருநாள் காய்க்குப் பதிலாக வந்து நிற்கும்; தினமும் வேண்டாம், உப்பைப் பற்றி மேலே சொன்னேன்.

விலையைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பல ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. அங்கே இருக்கும் என் சித்தி வீட்டில் மூன்று நாள் கரண்டும் இல்லை, கடையும் இல்லை. அவலும் பொரிகடலையும் சத்துமாவும் வெல்லமும்தான் அவர்களைக் காப்பாற்றின. அதிலிருந்து நானும் ஐப்பசி பிறக்கும்போது அடுப்பு மூட்டாமலே தின்னக்கூடிய இந்த நான்கையும் பத்து நாளைக்கு ஆகும் அளவு மேல் தட்டில் வைக்கிறேன். குடிதண்ணீர் கேனும் இரண்டு. தையில் தின்று தீர்க்கும் பட்டியலில் இவைதான் முதலில் வரும்.

தொடங்க நினைப்பவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து அலமாரியைத் தரையில் இறக்கி, பொருளின் பெயரையும் உத்தேச எடையையும் ஒரு தாளில் எழுதுங்கள். எடைக்கல் எல்லாம் வேண்டாம். தீர்ந்ததை அடித்துக்கொண்டே வந்து, அந்தத் தாளை அடுக்களைக் கதவில் ஒட்டி வையுங்கள். சீட்டு எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இன்றைக்கு மாசி பத்து. எங்கள் தாளில் அடிக்காமல் மிச்சம் இருப்பது ஒரு டம்ளர் ஜவ்வரிசி, கால் கிலோ தட்டைப்பயறு, ஜாடி அடியில் கொஞ்சம் புளி. ஜவ்வரிசியை வெயில் ஏறினதும் கூழ் வற்றலாக்கலாம் என்று இருக்கிறேன். புளி இந்த வாரத்தோடு தீரும். ஜாடியைக் கழுவிக் காயவைத்துவிட்டு அத்தைக்குப் போன் செய்ய வேண்டும்.